பாரம் இறங்கும் கணம்: பந்தயக் கார்களில் வரிசைக் கியர் மாற்றும் முறை

வரிசைக் கியர்பொக்ஸ் பூட்டிய பந்தயக் காரில் கியரை ஏற்றும்போது கிளச்சை மிதிக்க வேண்டுமா? இறக்கும்போது மிதிக்க வேண்டுமா? லீவரை இழுக்கும் நேரத்தில் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுப்பதா, அழுத்தியபடியே இழுப்பதா? மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பதுளையிலோ பண்டாரவளையிலோ நாலு பேர் கூடிப் பேசினால் இந்த மூன்று கேள்விகளுக்கும் நாலு விதமான பதில் கிடைக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பேசுகிறார். இன்னொருவர் தொலைக்காட்சியில் பார்த்த ஃபோர்முலா 1 காரை நினைக்கிறார். மூன்றாமவர் சாதாரண ஐந்து கியர் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்து பார்த்தவர். கியர்பொக்ஸ் மாறினால் முறையும் மாறும். ஆனால் எல்லா முறைகளுக்கும் அடியில் ஒரே விதி ஓடுகிறது. அந்த விதியின் ஒரு பாதி நம் மலைநாட்டு லொறிச் சாரதிகளிடம் இருக்கிறது, மறுபாதி மோட்டார் சைக்கிள் ஓட்டும் தோட்டத்து இளைஞர்களிடம் இருக்கிறது என்பதே என் வாதம்.

ஊவாவில் இந்தப் பேச்சுக்கு ஓர் இடமும் உண்டு. பதுளை மாவட்டத்துத் தியத்தலாவை 1900ஆம் ஆண்டில் போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த முகாமாகப் பெயர் பெற்றது. இன்றும் அது இராணுவ நகரம். ‘ஃபொக்ஸ்’ என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலின் மாலுமிகள் அங்கிருந்த குன்றொன்றின் சரிவில் வெள்ளைக் கற்களால் நரி உருவம் ஒன்றை அமைத்தார்கள். குன்றுக்கு ஃபொக்ஸ் ஹில் என்று பெயர் நின்றது. அங்கே இராணுவம் நடத்திவந்த ‘ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ்’ நாட்டின் பெரிய மண் தடப் பந்தயங்களில் ஒன்று. சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் ஊவா முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சனம் அங்கே போனது.

2024 ஏப்ரல் 21ஆம் திகதியைச் சொல்லாமல் ஃபொக்ஸ் ஹில்லைப் பற்றி எழுத முடியாது. அன்று கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்தைக் கியரோடு முடிச்சுப் போடுவது என் நோக்கமல்ல. பந்தயக் கார் ஓட்டுவதன் நுட்பத்தைப் பேசுகிற எவரும், அந்த நுட்பம் தவறும் இடத்தில் வேலிக்கு அப்பால் மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகவே அந்த நாளை இங்கே குறிப்பிடுகிறேன். கீழே வரும் ஒவ்வொரு பத்தியையும் அந்த நினைவோடுதான் எழுதுகிறேன்.

இலங்கையில் மலையேற்றப் பந்தயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றம் 1934இல் தொடங்கியது. தோட்டத் துரைமார் தங்கள் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிய காலம் அது. அண்மைக் காலத்தில் அதே மலையிலும் தியத்தலாவை மண்ணிலும் கட்டுக்குருந்தவின் தட்டையான தார்த் தடத்திலும் ஓடியவை பெரும்பாலும் ஜப்பானியக் கார்கள். நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர் போன்ற சிறிய வகுப்புக் கார்களில் தொழிற்சாலை போட்ட கியர்பொக்ஸ்தான் இருக்கும். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன், சுபாரு இம்பிரெசா, ஹொண்டா சிவிக் போன்ற பெரிய வகுப்புகளுக்கு ஏறும்போதுதான் வரிசைக் கியர்பொக்ஸ் என்ற கேள்வியே எழுகிறது. காரணம் பணம், அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வரிசைக் கியர் என்பது ஒரு விஷயம், டொக் கியர் என்பது வேறு விஷயம். பந்தயக் காரில் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றையே இரண்டு பெயரால் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். வரிசை என்பது கியரைத் தெரிவு செய்யும் ஏற்பாடு. வீட்டுக் காரில் லீவர் எச் வடிவத்தில் நகர்கிறது. ஐந்திலிருந்து நேராக இரண்டுக்குப் போகலாம், தவறிப்போய் நாலுக்குப் பதில் இரண்டிலும் விழுந்துவிடலாம். வரிசைக் கியர்பொக்ஸில் லீவர் முன்னும் பின்னும் மட்டுமே அசையும். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே இருக்கும் உருளை ஒன்று ஒரு படி சுழலும். அந்த உருளையின் மேல் வெட்டப்பட்ட வளைந்த பள்ளங்களில் கியர் முட்கரண்டிகள் ஓடுகின்றன. உருளை ஒரு படி சுழன்றால் ஒரு கியர் கழன்று அடுத்தது விழும், அவ்வளவுதான். கியரைத் தேட வேண்டியதில்லை, தாண்டவும் முடியாது. மோட்டார் சைக்கிளின் கியர்பொக்ஸும் இதே உருளையில்தான் வேலை செய்கிறது. பசறையிலிருந்து பதுளைக்குத் தினம் பைக்கில் வரும் பையனின் இடது கால் விரலுக்கு இந்தப் பொறிமுறை நன்றாகத் தெரியும்.

டொக் என்பது கியரை இணைக்கும் ஏற்பாடு. வீட்டுக் காரில் கியர் விழுவதற்கு முன் சின்க்ரோ வளையம் என்ற கூம்பு வடிவ உராய்வு வளையம் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்துகிறது. அதற்குச் சிறிது நேரம் வேண்டும். அதனால்தான் லீவரை மெதுவாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு விழுகிறது. பந்தய கியர்பொக்ஸில் அந்த வளையமே இல்லை. சில பெரிய பற்கள் கொண்ட ஒரு வளையம், எதிர்ப்பக்கத்தில் அதே அளவு இடைவெளிகளுக்குள் நேராகப் பாய்ந்து மாட்டிக்கொள்கிறது. இந்தப் பற்களைத்தான் டொக் என்கிறார்கள். ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் ஏறுகிறவன் பஸ்ஸின் வேகத்துக்கு ஓடிவந்து ஒரே பாய்ச்சலில் ஏறிவிட வேண்டும்; பாதி மனதோடு கால் வைத்தால் இழுபட்டுப் போவான். டொக் பல்லின் கதையும் அதுதான். வேகம் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும், பாய்ச்சல் உறுதியாக இருக்க வேண்டும்.

டொக் பற்களின் பக்கவாட்டு முகங்கள் முழுக்க நேராக இருப்பதில்லை. அடிப்பக்கம் சற்று உள்வாங்கி வெட்டப்பட்டிருக்கும். எஞ்சின் இழுக்கும்போது பற்கள் ஒன்றையொன்று மேலும் இறுகப் பற்றிக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு. முழு வேகத்தில் குழியில் விழுந்தாலும் கியர் கழன்றுவிடாது என்பது அதன் நன்மை. அதன் மறுபக்கம், எஞ்சினின் பாரம் பற்களின் மேல் இருக்கும்வரை லீவரை எவ்வளவு பலமாக இழுத்தாலும் கியர் கழலாது. கழல வேண்டுமானால் அந்தப் பாரம் ஒரு கணம் இறங்க வேண்டும். நான் மேலே சொன்ன ஒரே விதி இதுதான். கியர் மாற்றும் எல்லா நுட்பங்களும் பற்களின் பாரத்தை ஒரு கணம் இறக்குவதற்கான வெவ்வேறு வழிகளே. கிளச் ஒரு வழி, எக்ஸலேட்டரை விடுவது இன்னொரு வழி, எஞ்சினின் தீப்பொறியை மின்னணுக் கருவி வெட்டுவது மூன்றாவது வழி.

கியர் ஏற்றுவதை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிது. கணக்குக்காக மூன்றாம் கியரின் விகிதம் 1.5, நாலாம் கியரின் விகிதம் 1.2 என்று வைப்போம். மூன்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ஓடும்போது மாற்றினால் நாலில் அதே வேகத்துக்கு 6,000 சுற்றுப் போதும். அதாவது 1,500 சுற்று இறங்க வேண்டும். எக்ஸலேட்டரை விட்டால் எஞ்சின் தானாகவே இறங்கத்தான் போகிறது. இயற்கை நமக்குச் சாதகமாக இருக்கிறது. பந்தயக் கார் ஓட்டுநர் கியர் மாற்றுவதற்குச் சற்று முன்பே லீவரின் மேல் கையை வைத்து இலேசாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். பாரம் இருப்பதால் கியர் கழலாது. பிறகு எக்ஸலேட்டரிலிருந்து காலைச் சிறிதளவு, மிகக் குறைந்த நேரத்துக்கு எடுக்கிறார். பாரம் இறங்கிய அந்தக் கணத்தில் ஏற்கெனவே இழுபட்டிருக்கும் லீவர் தானாகவே பின்னால் வந்துவிடுகிறது. அந்த அசைவைக் கை முடிவுவரை கொண்டுபோகிறது, கால் திரும்பவும் தரையோடு அழுந்துகிறது. கிளச்சுக்கு வேலையே இல்லை.

இங்கே பெரும்பாலான புதியவர்கள் தவறுவது கையில். வீட்டுக் காரில் பழகிய கை மென்மையாகவே நகரும். டொக் பெட்டிக்கு மென்மை விஷம். பற்கள் பாதி மாட்டிய நிலையில் ஒரு கணம் தங்கினாலும் அவற்றின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று தட்டித் தேயும். கூர்மையான விளிம்பு உருண்டுபோகும். உருண்ட பல் அடுத்த தடவை மாட்டத் தயங்கும், மாட்டினாலும் பாரம் வந்ததும் துள்ளி வெளியே வரும். அதனால்தான் வரிசைக் கியர் செய்கிறவர்கள் லீவரைத் தயங்காமல், ஒரே உறுதியான அசைவில், கடைசிவரை இழுக்கச் சொல்கிறார்கள். முரட்டுத்தனமாக அடிக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டு முட்கரண்டியை வளைத்தவர்களும் உண்டு. வேகம் வேறு, பலம் வேறு. பாரம் சரியாக இறங்கியிருந்தால் லீவருக்கு அதிக பலமே தேவைப்படாது. பலம் தேவைப்படுகிறது என்றால் கால் இன்னும் தன் வேலையைச் செய்யவில்லை.

லீவர் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்பதும் யோசித்து முடிவு செய்யப்பட்ட ஒன்று. பெரும்பாலான பந்தயக் கார்களில் ஏற்றுவதற்குப் பின்னால் இழுக்கிறார்கள், இறக்குவதற்கு முன்னால் தள்ளுகிறார்கள். கார் முன்னோக்கிப் பாயும்போது உடம்பு பின்னே போகிறது, பிரேக் பிடிக்கும்போது முன்னே போகிறது. கையும் உடம்போடு போவதே பிழையில்லாத வழி.

காலையே எடுக்காமல் இழுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. எடுக்காமல் இழுக்கலாம், அதற்கான கருவி காரில் இருந்தால். லீவரின் தண்டில் ஓர் உணர்கருவி பொருத்தப்பட்டிருக்கும். கை இழுக்கும் பலம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் அது எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்பும். கணினி ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத் தீப்பொறியை நிறுத்தும். பாரம் இறங்கும், கியர் விழும், தீப்பொறி திரும்பும். ஓட்டுநரின் கால் செய்யும் வேலையைக் கணினி செய்கிறது, அவ்வளவுதான். அந்தக் கருவி இல்லாத காரில் காலை அழுத்தியபடி லீவரைப் பிடுங்குகிறவர் கியர்பொக்ஸைச் சீக்கிரம் பார்சலில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். காரைப் புதிதாக வாங்கியவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை குதிரைவலு என்பதல்ல. தீப்பொறி வெட்டும் ஏற்பாடு இருக்கிறதா, அது எத்தனை சுற்றுக்கு மேல் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே.

கிளச்சோடு ஏற்றலாமா? ஏற்றலாம், தவறில்லை. ஆனால் என் தீர்ப்பு, வேண்டாம் என்பதே. கிளச்சை மிதிக்கும் பழக்கமுள்ளவரின் கை கிளச்சுக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் கை தயங்கும் கை. மேலும் கிளச்சை மிதித்த நேரத்தில் எக்ஸலேட்டரை விடாமல் போனால் எஞ்சின் கட்டற்று உயரப் பாயும், வேகங்கள் ஒத்துப்போகாத நேரத்தில் பற்கள் மோதும். கிளச் காப்பாற்ற வந்து கெடுத்துவிடும். புறப்படுவதற்கும் நிறுத்துவதற்கும் மட்டும் கிளச்சை வைத்துக்கொள்ளும் ஓட்டுநர்தான் மேலே போகும்போது சுத்தமாகக் கியர் மாற்றுகிறார்.

இறக்குவதில்தான் உண்மையான கலை இருக்கிறது. ஏற்றும்போது உதவிய இயற்கை இறக்கும்போது எதிராக நிற்கும். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாலாம் கியரில் 6,000 சுற்றில் ஓடும் எஞ்சின் மூன்றில் 7,500க்கு உயர வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தானாக உயராது. யாராவது உயர்த்த வேண்டும். ஓட்டுநர் உயர்த்தாவிட்டால் சக்கரங்கள் உயர்த்தும். ஓட்டும் சக்கரங்கள் பின்னால் இருக்கும் காரில், ஏற்கெனவே பாரம் முன்னே சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிட்ட நேரத்தில், அவை எஞ்சினைச் சுழற்ற முயன்று பூட்டிக்கொள்ளும். கார் பக்கவாட்டில் திரும்பும். வேலிக்கு அப்பால் நிற்பவர்களை நான் முன்பே நினைவூட்டியது இதற்காகவும்தான்.

ஆகவே எக்ஸலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை உயர்த்துகிறார்கள். அந்த ஒரே தட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. பிரேக் நேரத்தில் பற்களின் பாரம் தலைகீழாக இருக்கிறது: சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, பற்களின் மறுமுகம் இறுகியிருக்கிறது. தட்டு விழுந்ததும் எஞ்சின் முன்னே ஓடி அந்த முகத்தை விடுவிக்கிறது. கியர் கழல்கிறது. அதே தட்டில் சுற்றும் உயர்ந்து அடுத்த கியரின் வேகத்தை எட்டுகிறது. கை முன்னே தள்ளுகிறது. தட்டும் தள்ளலும் ஒன்றாக விழ வேண்டும். தட்டு சற்று முந்தலாம், பிந்தக் கூடாது.

இந்தத் தட்டை எந்தக் காலால் தட்டுவது என்பதில்தான் ஓட்டுநர்கள் இரண்டு முகாமாகப் பிரிகிறார்கள். பழைய முகாம், வலது காலின் முன்பாதத்தைப் பிரேக்கிலும் அதே காலின் ஓரத்தை அல்லது குதிகாலை எக்ஸலேட்டரிலும் வைத்து, இடது காலால் கிளச்சை ஒரு தொடு தொட்டு இறக்குகிறது. புதிய முகாம், இடது காலால் பிரேக்கைப் பிடித்து, வலது காலை எக்ஸலேட்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கிளச்சே இல்லாமல் தட்டுகளால் இறக்குகிறது. இரண்டாவது முறையில் பிரேக்கின் அழுத்தம் சீராக இருக்கும், காலை மாற்றும் நேரம் மிச்சமாகும். முதல் முறையில் தட்டு சற்றுத் தவறினாலும் கிளச் அந்த அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவின் சுப்பர்கார்ஸ் தொடரில் லீவரும், ‘ஹீல் அன்ட் டோ’ எனப்படும் அந்தப் பழைய முறையும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. புதிய தலைமுறைக் காருக்கு, ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் துடுப்புகளால் மாற்றும் துடுப்புக் கியர் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது ஓட்டுநர்களும் இரசிகர்களும் எதிர்த்து லீவரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது வெறும் பழைய பாசம் என்று நான் எண்ணவில்லை. ஓட்டுநர் தவறு செய்ய இடமுள்ள கியர்பொக்ஸ்தான் நல்ல ஓட்டுநரை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டும்.

நம் நாட்டுச் சூழலுக்கு, இறக்கும்போது கிளச்சைத் தொடுவது நல்லது என்பது என் கருத்து. ஏற்றும்போது வேண்டாம் என்று சொன்னவன் இறக்கும்போது வேண்டும் என்கிறேனே என்றால், காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. ஏற்றும்போது தவறினால் எஞ்சின் தானாகச் சரியான பக்கம் போகும். இறக்கும்போது தவறினால் அதற்கான விலையை டொக் வளையமும் பின் சக்கரங்களும் கொடுக்கும்.

எப்போது இறக்குவது என்பது இன்னும் முக்கியம். நாலாம் கியரில் 7,000 சுற்றில் ஓடும் காரை அப்படியே மூன்றுக்கு இறக்கினால் எஞ்சின் 8,750க்குப் போக வேண்டியிருக்கும். எஞ்சினின் எல்லை 8,000 என்றால் வால்வுகள் பிஸ்டனைத் தொடலாம். எஞ்சின் கணினியில் இருக்கும் எல்லைக் கட்டுப்பாடு இதைத் தடுக்காது, ஏனென்றால் எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அல்ல, சக்கரம். எச் வடிவப் பெட்டியில் தவறான கியரில் விழுவதால் வரும் அபாயம் வரிசைப் பெட்டியில் இல்லை என்று விளம்பரம் செய்வார்கள். பாதி உண்மை. தவறான கியருக்குப் போக முடியாதுதான், சரியான கியருக்குத் தவறான நேரத்தில் போகலாம். முதலில் பிரேக், கார் வேகம் இழந்த பிறகு கியர், அதுவும் பிரேக் பிடிக்கும் தூரத்தின் பின்பாதியில். ஆறிலிருந்து இரண்டுக்கு வர வேண்டிய கொண்டை ஊசி வளைவானால் நாலு தள்ளல், நாலு தட்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே கார் இன்னும் கொஞ்சம் வேகம் இழந்திருக்க வேண்டும். நாலையும் ஒரே மூச்சில் தள்ளுகிறவரின் கார் சத்தத்திலேயே தெரிந்துவிடும்: எஞ்சின் நாலு தடவை அலறும், ஒவ்வொன்றும் முந்தியதை விட உயரமாக.

மலைநாட்டு லொறிச் சாரதியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். சின்க்ரோ இல்லாத பழைய லொறிகளில் ஏற்றத்தில் கியர் இறக்க அவர்கள் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு எக்ஸலேட்டரைத் தட்டி, மறுபடி மிதித்துக் கீழ்க்கியரில் போட்டார்கள். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வீதியிலும், லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளிலும் கொழுந்து மூட்டை ஏற்றி ஓட்டியவர்களுக்கு அந்தத் தட்டு எத்தனை உயரம் போக வேண்டும் என்பது காதுக்குத் தெரியும், டயலைப் பார்க்க வேண்டியதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று கிளீனர் பையன்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடமும் இதே கணக்குத்தான்: வேகம் கூடிய பிறகு கீழ்க்கியர் விழாது. பந்தயக் காரில் இறக்கும் தட்டு அந்த லொறித் தட்டின் வேகமான வடிவம். எஞ்சின் பேசுவதைக் கேட்கும் காது ஒரு பாதி; காலும் கையும் ஒரே கணத்தில் விழும் பழக்கம் மறுபாதி. அந்த இரண்டாவது பாதி மோட்டார் சைக்கிளில் கிளச் தொடாமல், எக்ஸலேட்டரைச் சிறிது மூடிக் கால் விரலால் கியர் தூக்கும் இளைஞர்களிடம் இருக்கிறது. தூக்குவதற்கு முன் லீவரின் அடியில் விரலை வைத்து இலேசாக அழுத்திக் காத்திருக்கிறார்களே, அதுதான் பந்தயக் காரில் லீவரை முன்கூட்டி இழுத்துப் பிடிப்பது. யாரும் சொல்லித்தந்ததில்லை, உருளையே சொல்லித்தந்தது.

மண் தடத்தில் இந்தப் பாடங்கள் சற்று வளையும். தியத்தலாவைத் தடத்தில் கார் மேட்டில் ஏறிப் பறக்கும்போது சக்கரம் காற்றில் கட்டற்றுச் சுழலும், சுற்று உயரும். அந்தக் கணத்தில் கியரை ஏற்றினால், சக்கரம் தரையைத் தொடும்போது மொத்த அதிர்ச்சியும் புதிதாக மாட்டிய பற்களின் மேல் விழும். எக்ஸலேட்டரைச் சற்று விட்டு, தரை தொட்டு, பிறகு மாற்றுவது பாதுகாப்பு. வளைவின் நடுவில் கியர் மாற்றுவதைத் தவிர்க்க, சில வளைவுகளுக்கு முன்பே ஒரு கியர் மேலே ஏற்றிவிட்டு, குறைந்த சுற்றில் எஞ்சினைப் பொறுமையாக இழுக்கவிடலாம். தளர்ந்த மண்ணில் சக்கரம் வழுக்குவதும் குறையும். இன்னொரு விஷயம் உயரம். தியத்தலாவை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் தன் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. கட்டுக்குருந்தவில் மூன்றில் எடுத்த வளைவை இங்கே இரண்டில் எடுக்க வேண்டிவரலாம். கடற்கரைத் தடத்தில் மனப்பாடம் செய்த கியர் வரிசையை மலைக்குக் கொண்டுவருவது வீண்.

உலகத்தின் மேல்மட்டத்தில் இந்தக் கைவேலையின் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஜோன் பார்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 கார், ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு துடுப்புகளோடு 1989 மார்ச் மாதம் பிரேசிலில் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது. சோதனை ஓட்டங்களில் அடிக்கடி பழுதாகிய கார், இது பாதியில் நின்றுவிடும் என்று அணியே எதிர்பார்த்த கார், நைஜல் மன்செலின் கையில் முதல் போட்டியிலேயே வென்றது. சில ஆண்டுகளுக்குள் ஃபோர்முலா 1இல் லீவர் மறைந்தது. கியர் முழுவதும் தானாக மாறும் ஏற்பாடு பிறகு வந்து, 2004இல் தடை செய்யப்பட்டது. மாற்றும் முடிவு ஓட்டுநருடையதாகவே இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. அமெரிக்காவின் நாஸ்கார் பல பத்தாண்டுகள் நாலு கியர் எச் வடிவப் பெட்டியை விடாமல் பிடித்திருந்து, 2022இல்தான் ஐந்து கியர் வரிசைப் பெட்டிக்கு மாறியது. போர்ஷே தன் கார்கள் மட்டுமே ஓடும் பந்தயத் தொடருக்கான ஜிடி3 கப் காரில் லீவரை வைத்திருந்து, 2013ஆம் ஆண்டுப் புதிய காரில் துடுப்புக்கு மாற்றியது. தமிழ் வாசகருக்கு நெருங்கிய உதாரணமும் அந்தக் காரிலேயே இருக்கிறது: நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேயோடு இறங்கித் தன் வகுப்பில் மூன்றாவதாக வந்தது.

துடுப்புக் கார்கள் பலவற்றில் காற்றழுத்தம் கியரைத் தள்ளுகிறது, கணினி தட்டைத் தட்டுகிறது, எஞ்சின் எல்லையைத் தாண்டுமானால் கணினி இறக்க மறுக்கிறது. அப்படியானால் ஓட்டுநருக்கு என்ன மிச்சம்? சரியான நேரத்தைத் தெரிவு செய்வது மிச்சம். துடுப்பை முன்கூட்டித் தட்டிக் கணினி மறுத்தால் அந்தக் கட்டளை வீண். மறுபடி தட்ட வேண்டும், அதற்குள் வளைவு வந்துவிடும். இருபத்திநாலு மணி நேரப் பந்தயத்தில் ஒரு ஓட்டுநர் ஆயிரக்கணக்கான தடவை கியர் மாற்றுகிறார். ஒவ்வொன்றும் சற்றுப் பிந்தி, கார் வேகம் இழந்த பிறகு விழுந்தால் விடியும்போது பெட்டி முழுதாக இருக்கும். லீவர் காரில் பழகிய ஓட்டுநர் துடுப்புக் காரில் ஏறினால் இந்தப் பொறுமை தானாக வரும். துடுப்பிலேயே தொடங்கியவருக்கு அது கடினம் என்பது என் எண்ணம்.

பெட்டி பழுதாகும் விதத்திலும் வரிசைக்கும் எச் வடிவத்துக்கும் வித்தியாசம் உண்டு. 1991இல் ஐயர்ட்டன் சென்னா தன் சொந்த ஊரான சாவோ பாலோவில் எச் வடிவ லீவர் காரில் ஒவ்வொரு கியராக இழந்து, கடைசிச் சுற்றுகளை ஆறாம் கியரிலேயே ஓட்டி வென்றார். வேலை செய்யாத கியர்களைத் தாண்டி வேலை செய்யும் ஒன்றைத் தேடிப் பிடிக்க எச் வடிவம் இடம் கொடுத்தது. வரிசைப் பெட்டியில் உருளை ஓர் இடத்தில் சிக்கினால் அங்கேயே நிற்க வேண்டும். 1994இல் பார்சிலோனாவில் மைக்கேல் ஷூமாக்கரின் கார் ஐந்தாம் கியரில் சிக்கியது. பிட்டில் நிறுத்திவிட்டு மறுபடி ஐந்திலேயே கிளப்பி, பந்தயத்தின் பெரும்பகுதியை அந்த ஒரே கியரில் ஓட்டி அவர் இரண்டாவதாக வந்தார். ஷூமாக்கருக்கு முடிந்தது எல்லாருக்கும் முடியாது. சுழன்று நின்ற காரை ஐந்தாம் கியரிலிருந்து முதலாம் கியருக்குக் கொண்டுவருவதே பலருக்குப் பெரும்பாடு. கார் அசையாதபோது டொக் பற்கள் முனையோடு முனை முட்டி நிற்கும், லீவர் நகராது. கிளச்சை ஒரு நூல் விட்டு உள்ளே அச்சைச் சற்று அசையவிட்டால் பல் இடைவெளியைக் காணும். பலத்தால் தள்ளுகிறவர் முட்கரண்டியை வளைக்கிறார். இதைத் தடத்தில் மற்றக் கார்கள் விரைந்து வரும்போது கற்றுக்கொள்ள முடியாது. கராஜில் கார் நிற்கும்போதே பழகிவிட வேண்டும்.

இப்போது பணம். பிரித்தானியாவின் ஹியூலண்ட், எக்ஸ்ட்ராக், குவைஃப், பிரான்சின் சடெவ், அவுஸ்திரேலியாவின் ஹொலிஞ்சர், லித்துவேனியாவின் சாம்சொனாஸ் ஆகியவை இந்தத் தொழிலில் பெயர் பெற்றவை. அவற்றின் பெட்டியின் விலையில் இங்கே ஒரு முழுக் காரை வாங்கலாம். டொக் வளையம் ஒன்று தேய்ந்தாலும் டொலரில் வாங்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. இடையில் 2022இன் டொலர் நெருக்கடியில் உதிரிப்பாகம் கொண்டுவருவதே பெரும் போராட்டமாக இருந்தது. கியர்பொக்ஸைக் காப்பாற்றும் ஓட்டம் நம் நாட்டில் வெறும் சிக்கனம் இல்லை. ஒரு வளையம் உடைந்தால் பருவமே முடிந்துவிடக்கூடிய நாட்டில், வேகமான சுற்றை விட முடியும்வரை ஓடும் பெட்டி பெறுமதியானது.

பணம் இன்னொரு இடத்திலும் கதவை மூடுகிறது. லொறியின் காதும் பைக்கின் காலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இருக்கின்றன. கொழும்பில் வசதியான வீட்டில் பிறந்த பையன் இவற்றைக் காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்கிறான். ஆனால் ஓட்டுநர் இருக்கைக்குப் போகும் வழி பணத்தின் வழியாகவே போவதால், தோட்டத்துப் பிள்ளை தடத்தின் ஓரத்தில் பார்வையாளனாகவே நிற்கிறான். பந்தயங்களை நடத்துகிறவர்கள் சிறிய வகுப்புகளில் மலைநாட்டு இளைஞர்களுக்கு ஓரிரு இருக்கைகளை ஒதுக்கினால் அது தானமாகாது. திறமை இருக்கும் இடத்தில் தேடுவதாகத்தான் இருக்கும்.

அப்படி ஒருவருக்கு இருக்கை கிடைத்தால், வரிசைப் பெட்டியோடு முதல் நாளில் வேகத்தை மறந்துவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் பழகட்டும். நேர்ப்பாதையில் கிளச் இல்லாமல், காலைச் சிறிது எடுத்து, லீவரை ஒரே அசைவில் கடைசிவரை இழுத்து ஏற்றட்டும். பிரேக்கை நன்றாக முந்திப் பிடித்து, தூரத்தின் பின்பாதியில், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு தட்டோடு கிளச்சைத் தொட்டு இறக்கட்டும். கார் நின்ற பிறகு முதலாம் கியருக்கு வருவதை எஞ்சின் ஓடியபடியே பழகட்டும். அன்று மாலை கியர்பொக்ஸின் எண்ணெயை வடித்து, அடைப்பின் காந்த முனையைப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், எண்ணெயை மாற்றிப் பூட்டிவிடலாம். விளிம்புள்ள சிறு செதில்கள் இருந்தால் எங்கோ ஒரு டொக் பல் உடையத் தொடங்கிவிட்டது. எந்தக் கியரில் லீவர் தயங்கியது என்று ஓட்டிய பிள்ளையிடமே கேளுங்கள். அநேகமாக அந்த வளையம்தான்.